உங்களுக்குத் தெரியுமா? கியர்பாக்ஸை இறக்கும் முன் ஒயரைப் பாருங்கள்

● ஓடிக்கொண்டிருந்த ஆட்டோமேட்டிக் கார் திடீரென ஒரே கியரில் நின்றுகொண்டு, எவ்வளவு மிதித்தாலும் முக்கி முனகிப் போகிறதா? பெரும்பாலும் அது தற்காப்பு. கியர் மாற்றும் எண்ணெயின் வழியைத் திறந்து மூடுபவை சோலனாய்டு என்னும் சிறு மின்காந்த வால்வுகள். அவற்றை ஆளும் கணினிக்கு ஒரு சென்சார் சொல்வது பொய் என்று பட்டால், சோலனாய்டுகளுக்குப் போகும் மின்சாரத்தையே நிறுத்திவிடும். மின்சாரம் இல்லாதபோது எந்தக் கியர் விழ வேண்டும் என்று தயாரித்தவர்கள் வைத்திருக்கிறார்களோ, அதில் (பல வண்டிகளில் மூன்றாவது) வண்டி வீடு வந்து சேரும். மெக்கானிக்குகள் இதை ‘லிம்ப் மோடு’ என்பார்கள். இன்ஜினை அணைத்து மறுபடி ஸ்டார்ட் செய்ததும் எல்லாக் கியரும் வந்துவிட்டால் சந்தேகம் முதலில் ஒயர் மேல்தான் விழ வேண்டும். தேய்ந்த கிளட்ச் தகடு சாவியைத் திருப்பினால் குணமாவதில்லை.

● 1940ஆம் ஆண்டு மாடல் ஓல்ட்ஸ்மொபில் கார்களில் வந்த ஹைட்ரமாட்டிக் கியர்பாக்ஸில் கணினியே கிடையாது. எண்ணெய் அழுத்தம் மட்டுமே கியரை முடிவு செய்தது.

● புதுக்கோட்டை மாவட்டத்தில் அறந்தாங்கி, ஆவுடையார்கோவில், கீரமங்கலம் பக்கம் வீட்டுக் கொட்டகையில் கார் நிற்கும். வாங்கியவர் சிங்கப்பூரிலோ துபாயிலோ இருப்பார். பூட்டி வைத்த காரும் மின்சாரம் தின்னும். அலாரம், கடிகாரம், கணினியின் நினைவகம் எல்லாம் சேர்ந்து 50 மில்லிஆம்பியர் வரை இழுப்பது இயல்பு. ஒரு நாளைக்கு 1.2 ஆம்பியர்-மணி. 35 ஆம்பியர்-மணி பேட்டரி ஒரு மாதத்துக்குள் காலி. லீவில் வந்தவர் எப்படியோ கிளப்பி ஊருக்குள் எடுத்துப் போனால் கியர் இடித்து விழுகிறது, எச்சரிக்கை விளக்கு எரிகிறது. ‘பாக்ஸ் போச்சு’ என்று யாராவது சொல்வதற்குள் மீட்டரை வையுங்கள். நிற்கும் வண்டியில் நல்ல பேட்டரி 12.6 வோல்ட் காட்டும். செல்ஃப் அடிக்கும்போது 9.6க்குக் கீழே இறங்கக் கூடாது. இன்ஜின் ஓடும்போது 13.8 முதல் 14.5 வரை இருக்க வேண்டும். இந்த மூன்று எண்ணும் சரியாக இல்லாதவரை கியர்பாக்ஸைப் பற்றி யார் சொல்லும் தீர்ப்பையும் ஏற்காதீர்கள்.

● இந்தியாவின் முதல் ஏஎம்டி (மேனுவல் கியர்பாக்ஸையே தானாக இயங்க வைக்கும் ஏற்பாடு) காராக மாருதியின் செலேரியோ வந்தது 2014 பிப்ரவரியில். அதன் கிளட்சையும் கியரையும் நகர்த்தும் எண்ணெய் அழுத்தத்தை ஒரு மின் பம்ப்தான் உண்டாக்குகிறது. பேட்டரி தளர்ந்தால் பம்ப் தளரும், பம்ப் தளர்ந்தால் கியர் விழாது. அந்த முதல் வண்டிகளுக்கு இப்போது பத்து வயது தாண்டிவிட்டது. செகண்ட் ஹேண்டில் வாங்குகிறவர்கள் பேட்டரி எப்போது மாற்றியது என்று முதலில் கேட்க வேண்டும்.

● பேட்டரி இறங்கிய காருக்கு லாரியிலிருந்து ஒயர் இழுத்து ஸ்டார்ட் செய்வது ஆபத்து. கனரக லாரிகள் 24 வோல்ட், கார் 12.

● டைனமோ காலத்துப் பழக்கம் ஒன்று இன்னும் சில பட்டறைகளில் உயிரோடு இருக்கிறது. இன்ஜின் ஓடும்போதே பேட்டரி டெர்மினலைக் கழற்றி, ‘சார்ஜ் ஆகிறதா’ என்று பார்ப்பார்கள். ஆல்டர்னேட்டர் வண்டியில் அப்படிச் செய்தால், தாங்க பேட்டரி இல்லாத அந்தக் கணத்தில் மின்னழுத்தம் பல பத்து வோல்ட்டுக்கு எகிறக்கூடும். கணினியின் ஆயுளைக் குறைக்க அது போதும். தயவுசெய்து தடுங்கள். காரின் உடம்பில் ஆர்க் வெல்டிங் வைப்பதென்றாலும் முதலில் பேட்டரி ஒயரைக் கழற்றச் சொல்லுங்கள்.

● பழைய வண்டிகளில் எனக்கு முதல் சந்தேகம் எப்போதும் எர்த் ஒயர் மேல்தான். இன்ஜினும் கியர்பாக்ஸும் ரப்பர் மவுண்டில் உட்கார்ந்திருக்கின்றன. ரப்பரில் மின்சாரம் போகாது. பேட்டரியின் நெகட்டிவுக்குத் திரும்ப ஒரு பின்னல் பட்டையோ, தடித்த கறுப்பு ஒயரோதான் வழி. செல்ஃப் மோட்டார் நூறு ஆம்பியருக்கு மேல் இழுக்கும். பட்டை துருப்பிடித்திருந்தால் அந்த மின்சாரம் கியர் கேபிள், சென்சார் ஒயர் என்று கிடைத்த சந்திலெல்லாம் புகுந்து போகும்.

சோதிப்பது எளிது. மீட்டரை 20 வோல்ட் டிசியில் வைத்து, கறுப்பு முனையைப் பேட்டரியின் நெகட்டிவ் மீதும் சிவப்பு முனையைக் கியர்பாக்ஸின் வெறும் உலோகத்திலும் அழுத்திப் பிடியுங்கள். லிவர் பார்க்கில், ஹேண்ட் பிரேக் போட்டு, ஒருவர் செல்ஃப் அடிக்கட்டும். 0.2 வோல்ட்டுக்குள் இருந்தால் நல்லது. அரை வோல்ட் காட்டினால் வழியில் தடை இருக்கிறது. பல சென்சார்கள் 5 வோல்ட்டுக்குள்தான் பேசுகின்றன. அரை வோல்ட் என்பது அவற்றின் பேச்சில் பத்தில் ஒரு பங்கு. ஓம் மீட்டரில் மட்டும் பார்த்தால் இது பிடிபடாது. ஒரே ஒரு இழை மிஞ்சிய ஒயரும் ஓம் மீட்டருக்கு நல்ல ஒயர்தான். சுமை ஏற்றிப் பார்த்தால்தான் குட்டு வெளிப்படும்.

● கோட்டைப்பட்டினம், ஜெகதாப்பட்டினம், மீமிசல், மணமேல்குடி என்று கடலை ஒட்டி ஓடும் வண்டிகளின் கனெக்டரைப் பிரித்தால் செம்பில் பச்சைக் களிம்பைப் பார்க்கலாம். உப்புக் காற்றின் வேலை அது. உலோகம் அரிப்பதையும் பேட்டரிகளையும் ஆராயும் மத்திய மின்வேதியியல் ஆய்வகம் பக்கத்துக் காரைக்குடியிலேயே 1953 முதல் இயங்குகிறது. களிம்பை உப்புத்தாளால் தேய்க்காதீர்கள், மேற்பூச்சு போய்விடும். கான்டாக்ட் கிளீனர் அடித்து, காய்ந்த பிறகு மாட்டுங்கள்.

● 2018 நவம்பர் 16 அன்று கஜா புயல் புதுக்கோட்டை மாவட்டத்தைப் புரட்டிப்போட்டது. மரம் விழுந்து கண்ணாடி உடைந்து மழை உள்ளே இறங்கிய கார்களும் பிறகு கைமாறியிருக்கும். சில மாடல்களில் கியர் கணினி காலடிக் கம்பளத்துக்குக் கீழேயே இருக்கிறது. புதுக்கோட்டைப் பதிவெண்ணான டிஎன் 55 போட்ட பழைய ஆட்டோமேட்டிக் பார்க்கப் போனால் கம்பளத்தைத் தூக்கிப் பாருங்கள்.

● அறுவடை முடிந்த வயலிலிருந்து வரும் எலிக்குக் கதகதப்பான இன்ஜின் அறை நல்ல வீடு. வேகத்தைச் சொல்லும் சென்சாரின் ஒயர் பல வண்டிகளில் முறுக்கப்பட்டோ உறையிடப்பட்டோ இருக்கும், வெளி இரைச்சல் புகாதிருக்க. எலி கடித்த இடத்தை வீட்டு ஒயர் போலச் சுற்றி டேப் ஒட்டினால் சிக்னல் கலங்கும். பற்ற வைத்து, முறுக்கும் உறையும் கெடாமல் இணைக்க வேண்டும்.

● லிவர் பார்க்கிலிருந்து அசையவே மாட்டேன் என்கிறதா? ஒருவரைப் பின்னால் நிறுத்தி பிரேக்கை மிதியுங்கள். பிரேக் விளக்கு எரியாவிட்டால், பெடலுக்கு மேலே இருக்கும் சின்ன சுவிட்சையும் ஃபியூசையும் பாருங்கள். பிரேக் மிதித்த செய்தி போய்ச் சேராமல் பூட்டு திறக்காது. அவசரத்துக்குத் திறக்க, பல கார்களில் லிவரின் அருகே மூடி போட்ட சிறு துளை இருக்கும்.

● பார்க்கில் ஸ்டார்ட் ஆகாமல் நியூட்ரலில் மட்டும் ஆகிறது, அல்லது ரிவர்ஸ் விளக்கு மினுக்குகிறது என்றால், லிவர் எங்கே நிற்கிறது என்று கணினிக்குச் சொல்லும் சுவிட்ச் தேய்ந்திருக்கலாம், அல்லது நகர்ந்திருக்கலாம்.

● நெடுஞ்சாலையில் சீராகப் போகும்போது ஆர்பிஎம் முள் காரணமில்லாமல் ஏறி இறங்குகிறதா? மீட்டரை ஏசிக்கு மாற்றி, ஓடும் இன்ஜினில் பேட்டரி மேல் வைத்துப் பாருங்கள். அரை வோல்ட்டுக்கு மேல் காட்டினால் ஆல்டர்னேட்டரின் டையோடு ஒன்று போயிருக்கக்கூடும். அந்த இரைச்சல் வேக சென்சாரின் சிக்னலோடு கலந்து கணினியைக் குழப்பும்.

● கியர்பாக்ஸின் மின்சாரம் கம்பெனிகளே தடுக்கி விழுந்த இடம். ஃபோக்ஸ்வாகன் 2013 நவம்பரில் ஏழு கியர் டிஎஸ்ஜி (இரட்டைக் கிளட்ச்) பெட்டி பொருத்திய சுமார் 16 லட்சம் கார்களைத் திரும்ப அழைத்தது. வெப்பமும் ஈரப்பதமும் மிகுந்த ஊர்களில், நின்று நின்று போகும் போக்குவரத்தில், செயற்கை எண்ணெய் காரணமாக பெட்டிக்குள் மின்கோளாறு வரக்கூடும் என்று சொல்லி, அந்த எண்ணெயை எடுத்துவிட்டு கனிம எண்ணெய் ஊற்றினார்கள்.

ஃபோர்டின் பவர்ஷிஃப்ட் பெட்டி நம் மறைமலைநகரில் தயாரான எக்கோஸ்போர்ட்டிலும் 2013இல் வந்தது. அதில் கிளட்ச் குலுங்குவது ஒரு தொல்லை, கட்டுப்பாட்டுக் கணினி செத்துப்போவது இன்னொன்று. அமெரிக்காவில் அந்தக் கணினிக்கான உத்தரவாதத்தை ஃபோர்டு 10 ஆண்டுகளாக நீட்டித்தது. ஆஸ்திரேலியாவிலோ, குறை சொல்லி வந்தவர்களிடம் ‘நீங்கள் ஓட்டும் விதம் சரியில்லை’ என்று பதில் வந்தது. 2018 ஏப்ரலில் அந்நாட்டு நீதிமன்றம் ஃபோர்டுக்கு 1 கோடி ஆஸ்திரேலிய டாலர் அபராதம் விதித்தது. ஓட்டத் தெரியவில்லை என்று சொல்லப்படும் ஒவ்வொருவரும் இந்தத் தீர்ப்பைத் தெரிந்து வைத்திருக்க வேண்டும்.

● எண்ணெய் ஒயருக்குள் ஏறும்! செம்பு இழைகளுக்கு நடுவே உள்ள நூலிழைச் சந்தில், விளக்குத் திரியில் ஏறுவது போல. 1990களில் வந்த மெர்சிடிஸின் ஐந்து கியர் பெட்டிகளில் கனெக்டர் சீல் கசிந்து, எண்ணெய் ஒயர் வழியே கணினிவரை போய்ச் சேர்ந்தது உலகறிந்த தொல்லை.

● காலையில் நன்றாக ஓடி, மதிய வெயிலில் அரை மணி நேரம் போனதும் மட்டும் தகராறு செய்யும் வண்டியைக் குளிர்ந்த நிலையில் சோதித்துப் பயனில்லை. 25 டிகிரியிலிருந்து 100 டிகிரிக்குப் போகும்போது செம்புச் சுருளின் தடை ஏறக்குறைய 30 சதவீதம் கூடுகிறது. சுருளில் விரிசல் இருந்தால் சூட்டில்தான் திறந்துகொள்ளும். சூடாக இருக்கும்போதே அளக்கச் சொல்லுங்கள்.

● ஸ்டீயரிங்குக்குக் கீழே 16 முனைகளோடு ஒரு சாக்கெட் இருக்கும். இந்தியாவில் 2013 ஏப்ரல் முதல் கார்களில் ஓபிடி-2 என்னும் இந்தக் கோளாறு கண்டறியும் ஏற்பாடு கட்டாயம். அதில் ஸ்கேனரை மாட்டினால் கோளாறுக் கோடு வரும். பி0700 என்று வந்தால் ‘கியர் கணினியிடம் கேளுங்கள்’ என்று மட்டுமே பொருள். சாதாரண ஸ்கேனர் அங்கேயே நின்றுவிடும். கியர் கணினியைப் படிக்கும் ஸ்கேனர் உள்ள கடையைத் தேட வேண்டும். பி0715 உள்வேக சென்சாரின் சுற்று, பி0720 வெளிவேக சென்சாரின் சுற்று, பி0750 முதல் சோலனாய்டு. சுற்று என்றால் சென்சார், ஒயர், கனெக்டர் மூன்றும்தான். கோடு வந்த உடனே சென்சாரை மட்டும் வாங்கிவிட வேண்டாம்.

● பேட்டரியைக் கழற்றி மாட்டிய பிறகு கியர் சற்று முரட்டுத்தனமாக விழுந்தால் பதற வேண்டாம். தேய்மானத்துக்கு ஏற்பத் தான் கற்றுவைத்திருந்த கணக்கைச் சில கணினிகள் மறந்துவிடுகின்றன. புதுக்கோட்டையிலிருந்து திருச்சிக்கு நிதானமாகப் போய்த் திரும்பினால், பல வண்டிகள் அதற்குள் மறுபடி கற்றுக்கொண்டுவிடும். சில மாடல்களுக்கு மட்டும் ஸ்கேனர் வைத்துக் கற்பிக்க வேண்டியிருக்கும்.