கரி ஏட்டில் குழி பறிக்கும் மின் துடிப்பு

பென்சிலால் கோடு இழுக்கும்போது தாளில் ஒட்டுவது கிராஃபைட். காரீயம் என்று பெயரே தவிர, அதில் ஈயம் எள்ளளவும் இல்லை. கரி அணுக்கள் அறுகோண வலைகளாகப் பின்னி, ஏடு ஏடாக அடுக்கப்பட்ட பொருள் அது. ஏட்டுக்குள் பிணைப்பு மிக வலிது. ஏடுகளுக்கிடையே பிடிப்பு மெலிது. நம் சிவகங்கைப் பகுதியில் தோண்டியெடுப்பதும் இதுவே. ஆயினும் ஆய்வகத்தார் ஏடுகள் சீராக அமைந்த செயற்கைக் கிராஃபைட்டையே நாடுவர். அதன் மேல் ஏட்டைச் சாதாரண ஒட்டு நாடாவால் உரித்தால் புத்தம்புதிய பரப்பு கிடைத்துவிடும்!

இந்த ஏட்டில் வேண்டிய இடத்தில் மட்டும் குழி பறிக்கலாம் என்பதை 1989-இல் அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்டு ஆய்வாளர்கள் காட்டினர். கருவி, ஸ்கேனிங் டன்னலிங் மைக்ராஸ்கோப். 1981-இல் சூரிச் நகரில் பின்னிக், ரோரர் இருவரும் உருவாக்கியது. 1986-இல் நோபல் பரிசு பெற்றுத் தந்தது. அதன் உலோக ஊசி பரப்பைத் தொடாமலே, ஒரு நானோமீட்டருக்கும் குறைந்த இடைவெளியில் நகர்ந்து அணுக்களின் அமைப்பைப் படமாக்குகிறது.

எவ்வளவு சிறிய வேலை என்று பாருங்கள். ஒரு சென்டிமீட்டர் கிராஃபைட் துண்டைப் பத்து லட்சம் மடங்கு பெரிதாக்கினால் நீளம் 10 கிலோமீட்டர் ஆகும். பூந்தமல்லியிலிருந்து பாரிவாக்கம் வழியாக ஆவடிக்குப் போகும் தூரம் ஏறக்குறைய அவ்வளவு. அந்தச் சாலையில் நம் குழி ஒரு பச்சைப்பயறு கிடக்கும் இடம்தான். ஆழமோ பெரும்பாலும் ஒரே ஏடு.

குழி பறிக்க ஊசிக்குச் சில வோல்ட் அழுத்தம் கணநேரம் கொடுத்தால் போதும். மூன்று டார்ச் செல்கள் தரும் அழுத்தம்தானே என்று எண்ணிவிடாதீர்கள். இடைவெளி அத்தனை குறுகலாதலால், மீட்டருக்கு நூறு கோடி வோல்ட் என்ற அளவில் மின்புலம் எழுகிறது.

அப்படியானால் மின்சாரமே அணுக்களைப் பிய்த்தெறிகிறதா? இல்லை என்பதே இதில் சுவையான செய்தி. நீராவி இல்லாத சூழலில் அதே துடிப்பு குழி பறிக்கவில்லை. ஈரக் காற்றில் பறித்தது. பரப்பில் படிந்த நீர், மின்புலத்தின் தூண்டுதலால் கரியோடு வினைபுரிகிறது; கரி வாயுவாகி வெளியேறுகிறது. சுருங்கச் சொன்னால், ஒரு புள்ளியில் மட்டும் கரி ‘எரிகிறது’.

இக்குழிகளை எழுத்தாக்கித் தகவல் சேமிக்கலாம் என்றும் அன்று எதிர்பார்த்தார்கள். ஒவ்வொன்றாகப் பறிப்பது ஆமை வேகம். பறித்ததைத் தூர்க்கவும் வழியில்லை. ஆனால் 2004-இல் ஒற்றைக் கரி ஏடான கிராஃபீன் தனியே பிரிக்கப்பட்டபின், இதே ஈர ஊசி முறை அதை மெல்லிய பட்டைகளாக வெட்டப் பயன்பட்டது.