தடைக்காலத்தில் நீட் தேர்வு... கடலோரப் பிள்ளைகளுக்குக் கைகொடுக்குமா மாதிரிப் பள்ளி?

ஏப்ரல் 15 பிறந்துவிட்டால் பாம்பன், மண்டபம், ராமேஸ்வரம் கரைகளில் விசைப்படகுகள் வரிசைகட்டி நின்றுவிடும். ஜூன் 14 வரை 61 நாள்கள் மீன்பிடித் தடைக்காலம். வீட்டில் வருமானம் நின்றுபோகிற இந்த நாள்களின் நடுவில்தான், வழக்கமாக மே மாத முதல் ஞாயிறன்று நீட் தேர்வு வருகிறது. கோச்சிங் சென்டருக்குக் கட்டப் பணம் எங்கிருந்து வரும்? மீனவர் வீட்டுப் பிள்ளையின் டாக்டர் கனவு பெரும்பாலும் இந்த இடத்திலேயே தரைதட்டிவிடும்.

அந்த முட்டுக்கட்டையை எடுக்க வந்தவைதான் அரசு மாதிரிப் பள்ளிகள். 2021-22 கல்வியாண்டில் சில மாவட்டங்களில் தொடங்கி, பிறகு ராமநாதபுரம் உட்பட 38 மாவட்டங்களுக்கும் வந்தன. அரசுப் பள்ளிகளில் நன்றாகப் படிக்கும் பிள்ளைகளைத் தேர்ந்தெடுத்து, விடுதியில் தங்கவைத்து, 9 முதல் பிளஸ் டூ வரை சொல்லிக்கொடுக்கிறார்கள். நீட், ஜே.இ.இ. பயிற்சியும் அங்கேயே. சாப்பாடு, தங்குமிடம் எல்லாம் அரசு செலவு.

அமெரிக்காவில் இந்த மாதிரிப் பள்ளிகளை 'மேக்னட் ஸ்கூல்' என்பார்கள். காந்தம்போல ஊர் முழுவதிலிருந்தும் பிள்ளைகளை இழுப்பதால் அந்தப் பெயர். ஹூஸ்டன் நகரில் 1972-ல் ஒரு மருத்துவக் கல்லூரியும் அரசுப் பள்ளி நிர்வாகமும் சேர்ந்து, மருத்துவத் துறைக்குப் போக விரும்பும் மாணவர்களுக்கென்றே ஒரு உயர்நிலைப் பள்ளியைத் தொடங்கின. மருத்துவமனைகளே அந்தப் பிள்ளைகளுக்கு வகுப்பறையாகவும் இருந்தன.

ராமநாதபுரத்தில் அப்படிச் செய்ய முடியாதா என்ன? 2018-ல் நிதி ஆயோக் பின்தங்கிய மாவட்டங்களைப் பட்டியலிட்டபோது தமிழ்நாட்டிலிருந்து இடம்பெற்றவை விருதுநகரும் ராமநாதபுரமும்தான். ஆனால், 2022 ஜனவரி 12-ல் மாவட்டத்துக்கு அரசு மருத்துவக் கல்லூரி வந்துவிட்டது. மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிறுவனம் 1947-ல் தொடங்கப்பட்டு, 1971-ல் கொச்சிக்கு மாறும்வரை மண்டபத்தில்தான் தலைமையகம் வைத்திருந்தது. அதன் மையம் இப்போதும் அங்கே இருக்கிறது. எதிரில் மன்னார் வளைகுடாவின் 21 தீவுகள். மாதத்துக்கு ஒருநாள் வார்டையும் ஆய்வகத்தையும் பிளஸ் ஒன் பிள்ளைகள் நேரில் பார்த்தாலே, நீட் கைட் புத்தகத்தில் இல்லாதது பலவும் கிடைக்கும்.

இந்த மண்ணுக்கு அது புதிதும் அல்ல. ராமேஸ்வரம் தொடக்கப் பள்ளியில் ஐந்தாம் வகுப்பு ஆசிரியர் சிவசுப்பிரமணிய ஐயர், பறவை எப்படிப் பறக்கிறது என்று கரும்பலகையில் படம் போட்டு விளக்கினார். யாருக்கும் புரியவில்லை. உடனே பிள்ளைகளைக் கடற்கரைக்கே கூட்டிப்போய்ப் பறவைகளைக் காட்டினார். அந்த வகுப்பில் இருந்த அப்துல் கலாம் பிற்காலத்தில் மேடைதோறும் சொன்ன கதை இது. மேற்படிப்புக்காக ராமநாதபுரம் ஸ்வார்ட்ஸ் பள்ளிக்கு வந்த கலாம், வீட்டை நினைத்து ஏங்கியதையும் மறைக்கவில்லை.

விடுதி என்றதும் இன்றும் அதே ஏக்கம்தான். பெண் பிள்ளையை வெளியில் தங்கவைக்கத் தயங்கும் அம்மாக்கள், 'வாரக் கடைசியில் அனுப்புவாங்களா?' என்றுதான் முதலில் கேட்கிறார்கள். இன்னொரு கேள்வி கிராமத்துப் பள்ளிகளுடையது. நன்றாகப் படிக்கும் நான்கு பேரையும் மாதிரிப் பள்ளி அழைத்துக்கொண்டால் மிச்சமிருக்கும் வகுப்புக்கு யார் முன்னோடி? கல்வியாளர்கள் எழுப்பும் இந்தக் கேள்வி நியாயமானது. கிராமத்துப் பள்ளியிலும் இயற்பியல், வேதியியலுக்கு ஆசிரியர் இருந்தால் பாதிப் பிரச்னை தீரும்.

பெற்றோர் தெரிந்துகொள்ள வேண்டிய விஷயம் ஒன்று உண்டு. மருத்துவப் படிப்பில் அரசுப் பள்ளி மாணவர்களுக்கான 7.5 சதவிகித உள் ஒதுக்கீடு 2020-ல் வந்தது. அதற்கு முன் விரல்விட்டு எண்ணும் அளவில் இருந்த எண்ணிக்கை, முதல் ஆண்டே எம்.பி.பி.எஸ்., பி.டி.எஸ். சேர்த்து சுமார் 400 இடங்களானது. அவர்களின் கல்லூரி, விடுதிக் கட்டணத்தையும் அரசே ஏற்கிறது.

ஆனால், ஆறாம் வகுப்பிலிருந்து பிளஸ் டூ வரை அரசுப் பள்ளியிலேயே படித்திருக்க வேண்டும். அரசு உதவிபெறும் பள்ளி இந்தக் கணக்கில் வராது. திருச்சபைகள் நடத்தும் உதவிபெறும் பள்ளிகள் நிறைந்த இந்தக் கடலோரத்தில் பலரும் சறுக்குவது இங்கேதான். கலாம் படித்த ஸ்வார்ட்ஸ் பள்ளிகூட அரசுப் பள்ளி அல்ல! பிள்ளை ஐந்தாம் வகுப்பு முடிக்கும்போதே இதை ஒருமுறை விசாரித்துக்கொள்ளுங்கள். பிளஸ் டூ முடித்த பிறகு தெரிந்தால் மாற்ற வழியில்லை.