சம்மனசுகளுக்கு உடல் இல்லை, நம் பிள்ளைகளுக்கு உண்டு



சில ஆண்டுகளுக்கு முன், ஒரு ஞாயிறு இரண்டாம் திருப்பலி முடிந்து கூட்டமெல்லாம் கலைந்த பிறகும் ஒரு தாய் மட்டும் திருப்பூட்டறை வாசலில் நின்றுகொண்டிருந்தார். அருகில் அவருடைய மகள். வயது பதினான்கு. ஆனால் பேச்சும் புரிதலும் ஐந்தாறு வயதுப் பிள்ளையினுடையவை. பங்குப்பணியாளர்களாகிய எங்களிடம் அந்தத் தாய் தயங்கித் தயங்கிக் கேட்டது இதுதான்: "சாமி, மிஷன் ஆஸ்பத்திரிக்கு ஒரு லெட்டர் குடுங்க. இவளுக்குக் கர்ப்பப்பையை எடுத்துடலாம்னு இருக்கோம். மாசாமாசம் இவளை வச்சுக்கிட்டு முடியல. நாளைக்கு எவனாவது ஏதாவது பண்ணிட்டாலும் வயித்துல ஒண்ணும் தங்காதுல்ல?"

நாங்கள் கடிதம் கொடுக்கவில்லை. நோய் எதுவும் இல்லாதபோது நல்ல உறுப்பை வெட்டியெடுப்பதைத் திருச்சபை ஏற்பதில்லை என்று சொன்னோம். சொன்னது சரிதான். ஆனால் அந்தத் தாயின் கேள்விக்கு அது பதில் இல்லை என்பது, மகளின் கையைப் பிடித்துக்கொண்டு அவர் வெயிலில் நடந்து போனபோது எங்களுக்கே விளங்கியது. கூடாது என்று சொல்லத் தெரிந்த எங்களுக்கு, வேறு என்ன செய்யலாம் என்று சொல்லத் தெரியவில்லை.

இப்படி ஓர் எண்ணம் அவருக்கு மட்டும் வந்ததல்ல. 1994-ஆம் ஆண்டு பிப்ரவரியில், மகாராஷ்டிர மாநிலம் சிரூரில் அரசு இல்லத்தில் இருந்த அறிவுவளர்ச்சி குன்றிய பெண்கள் பலருக்குப் புனே நகர அரசு மருத்துவமனையில் கர்ப்பப்பை அகற்றப்பட்டது. மாதவிலக்கு நாள்களில் தங்களைச் சுத்தமாக வைத்துக்கொள்ள அவர்களுக்குத் தெரியவில்லை என்பதே காரணமாகச் சொல்லப்பட்டது. நாடெங்கும் எதிர்ப்பு எழுந்தது. அறுவை மாதவிலக்கை நிறுத்தும், கருவுறுவதையும் நிறுத்தும். தகாத கையை அது நிறுத்துமா? கரு உண்டாகாது என்று தெரிந்தால் அந்தக் கைக்குத் துணிச்சல்தான் கூடும். நடந்த குற்றத்துக்கு அடையாளமும் இல்லாமல் போகும்.

சிறப்புக் குழந்தைகளைப் பற்றிப் பேசும்போது நம் ஊர்களில் எல்லாரும் சொல்லும் ஒரு வார்த்தை உண்டு. "அது சம்மனசு சாமி, அதுக்கு என்ன தெரியும்?" பிரசங்கத்தில் நாங்களே இதைச் சொல்லியிருக்கிறோம். அன்போடு சொல்லப்படுவதுதான். ஆனாலும் இதில் ஒரு பிழை இருக்கிறது. சம்மனசுகள் உடலற்றவர்கள் என்று மறைக்கல்வியில் படித்திருக்கிறோம். இந்தப் பிள்ளைகளுக்கு உடல் உண்டு. அது மற்றப் பிள்ளைகளின் உடலைப் போலவே பன்னிரண்டு, பதின்மூன்று வயதில் மாறத் தொடங்குகிறது. மீசை அரும்புகிறது, மார்பு வளர்கிறது, மாதவிலக்கு வருகிறது, ஆசைகளும் வருகின்றன. மற்றப் பிள்ளைகளுக்கு அக்காவோ, தோழியோ, பாடநூலோ அரைகுறையாகவாவது விளக்கம் தருகிறார்கள். இவர்களுக்கு யாரும் எதுவும் சொல்வதில்லை. புரியாது என்று நாமே முடிவு கட்டிவிடுகிறோம். விளைவு என்ன? தன் உள்ளாடையில் இரத்தத்தைக் கண்ட பெண், தான் சாகப்போவதாக எண்ணி அலறுகிறாள்.

அந்தத் தாய் வந்துபோன சில வாரங்களில், சிறப்புப் பள்ளியில் பணியாற்றும் அருட்சகோதரி ஒருவர் வழியாக ஒரு தொண்டு நிறுவனத்தின் அறிமுகம் கிடைத்தது. சிறப்புக் குழந்தைகளைப் பெற்றவர்கள் சிலரும், ஓய்வுபெற்ற செவிலியர் ஒருவரும், சிறப்புக் கல்வியாளர்களும் சேர்ந்து நடத்தும் சிறிய அமைப்பு. மாற்றுத்திறன் கொண்ட பிள்ளைகளுக்கும் அவர்களுடைய பெற்றோருக்கும் பாலியல் நலக் கல்வி தருவது அவர்கள் பணி. நம் நாட்டில் இப்பணிக்கு முன்னோடிகள் உண்டு. தில்லியில் 1996-இல் தொடங்கிய 'தார்ஷி' அமைப்பு, மாற்றுத்திறனும் பாலியலும் பற்றி இந்தியச் சூழலை வைத்து 2010-இல் விரிவான அறிக்கை ஒன்றை வெளியிட்டது. பெங்களூருவில் பெண் மருத்துவர்கள் இருவர் 2001-இல் தொடங்கிய 'என்ஃபோல்ட்', பார்வை, கேள்வி, அறிவுத்திறன் குறைபாடுள்ள பிள்ளைகளுக்கென்றே பாடக்கருவிகளை உருவாக்கியிருக்கிறது. சென்னையில் 2004 முதல் 'துளிர்' அமைப்பு, பாலியல் வன்முறையிலிருந்து குழந்தைகளைக் காக்கும் பணியைச் செய்து வந்திருக்கிறது.

பங்கு மன்றத்தில் இதைச் சொன்னபோது எதிர்ப்பு வந்தது. கோயில் வளாகத்திலா இந்தப் பாடம் என்று கேட்டார்கள். தெரியாததைச் சொல்லிக்கொடுத்துக் கெடுப்பதா என்றும் கேட்டார்கள். அவர்களை நாங்கள் குறை சொல்லவில்லை. பாலியல் கல்வி என்றாலே கருத்தடைச் சாதனங்களைக் காட்டுவது என்றுதான் பலரும் நினைக்கிறோம். ஆனால் இளையோருக்கு வயதுக்கேற்ற, நலமான, விவேகமான பாலியல் கல்வி தரப்பட வேண்டும் என்று இரண்டாம் வத்திக்கான் சங்கம் கிறிஸ்தவக் கல்வி பற்றிய தன் அறிக்கையில் 1965-லேயே கேட்டுக்கொண்டது. திருத்தந்தை இரண்டாம் யோவான் பவுல் 1981-இல் எழுதிய குடும்பம் பற்றிய மடலில், அது பெற்றோரின் அடிப்படை உரிமையும் கடமையும் என்றும், வெளியே யார் கற்பித்தாலும் பெற்றோரின் கண்காணிப்பில் நடக்கவேண்டும் என்றும் கூறினார். 2016-இல் திருத்தந்தை பிரான்சிசின் 'அன்பின் மகிழ்ச்சி' ஏடு, இதற்கென்றே ஒரு பகுதியை ஒதுக்கியது. இவற்றில் எதுவும் அறிவுத்திறன் குறைந்த பிள்ளைகளுக்கு விலக்கு அளிக்கவில்லை. எனவே ஒரே ஒரு நிபந்தனை வைத்தோம்: எந்த வகுப்பும் தாயோ தந்தையோ உடன் இல்லாமல் நடக்கக் கூடாது. நிறுவனத்தார் சிரித்துவிட்டார்கள். அவர்களுடைய நிபந்தனையும் அதுதானாம்.

முதல் வகுப்பே தாய்மார்களுக்கு. மறைவுறுப்புகளின் பெயர்களைத் தமிழில் சொல்லுங்கள் என்றார் செவிலியர். யாரும் வாய் திறக்கவில்லை. பிறகு அவர் விளக்கினார்: நம் மொழியில் இவற்றுக்கு மூன்று வகைப் பெயர்கள். ஒன்று கொஞ்சும்போது சொல்லும் செல்லப்பெயர், மற்றொன்று தெருச்சண்டையில் வரும் வசை, மூன்றாவது மருத்துவர் எழுதும் சொல். செல்லப்பெயர் வீட்டுக்கு வீடு மாறும். தனக்கு அங்கே வலிக்கிறது என்று ஒரு பிள்ளை வீட்டுப் பெயரைச் சொன்னால் பள்ளியில் ஆசிரியைக்குப் புரியாது, காவல் நிலையத்திலும் புரியாது. காது கேளாத பிள்ளையின் நிலை இன்னும் மோசம். பெற்றோர் பலருக்குச் சைகை மொழியே தெரிவதில்லை. கண், மூக்கு, கைக்குச் சைகை இருக்கும், மறைவுறுப்புக்கு இருக்காது. 2018-இல் சென்னையில் கேள்விக்குறைபாடுள்ள ஒரு சிறுமி, தான் வாழ்ந்த குடியிருப்பிலேயே பல மாதங்களாகப் பலரால் சீரழிக்கப்பட்டதை நாம் மறந்திருக்க மாட்டோம். 2020-இல் அவ்வழக்கில் பதினைந்து பேர் தண்டிக்கப்பட்டார்கள்.

மாதவிலக்குப் பாடம் மிக எளிமையானது. பொறுமைதான் வேண்டும். முதலில் ஒரு பொம்மைக்கு நாப்கின் வைத்துக் காட்டுகிறார்கள். பிறகு உள்ளாடையில் நாப்கின் வைக்க வேண்டிய இடத்தைச் சுற்றிக் கோடு வரைந்து கொடுக்கிறார்கள். சிவப்பு மை தெளித்த நாப்கினை மடித்து, தாளில் சுற்றி, மூடியுள்ள கூடையில் போடுவதைத் திரும்பத் திரும்பச் செய்ய வைக்கிறார்கள். ஒவ்வொரு படிக்கும் ஒரு படம். அந்தப் படங்கள் குளியலறைச் சுவரில் வரிசையாக ஒட்டப்படும். விலக்கு இல்லாத நாள்களிலும் ஒரு மணி நேரம் அணிந்து பழக வேண்டும். எங்களிடம் கடிதம் கேட்ட அந்தத் தாயின் மகளுக்கு ஏழு மாதம் பிடித்தது. எட்டாம் மாதம் அவள் தானாகவே மாற்றிக்கொண்டாள். அன்று அந்தத் தாய் கோயிலுக்கு வந்து மெழுகுதிரி ஏற்றிவிட்டுப் போனார். கர்ப்பப்பை பேச்சு அதோடு நின்றது.

அடுத்தது வட்டங்கள். தரையில் சுண்ணாம்புக்கட்டியால் வட்டத்துக்குள் வட்டமாக வரைகிறார்கள். நடுவில் பிள்ளை. அடுத்த வட்டத்தில் அம்மா, அப்பா, உடன்பிறந்தோர்: கட்டிப்பிடிக்கலாம். அதற்கு அடுத்ததில் ஆசிரியை, நெருங்கிய உறவினர்: கைகுலுக்கலாம். அதற்கும் வெளியே தெரிந்தவர்கள்: வணக்கம் மட்டும். கடைசி வட்டத்தில் தெரியாதவர்கள்: அருகே போகக் கூடாது. அத்துடன், அம்மாவானாலும் குளிப்பாட்டும்போதும் உடை மாற்றும்போதும் "தொடட்டுமா?" என்று கேட்டுவிட்டே தொட வேண்டும் என்று பெற்றோருக்குச் சொல்லித்தருகிறார்கள். ஏனெனில் இப்பிள்ளைகளுக்குப் பிறந்தது முதல் நாம் கற்பிப்பது ஒன்றே ஒன்று: சொன்னதைக் கேள். யார் தொட்டாலும் பேசாமல் இருந்து பழகிய பிள்ளை, வேண்டாம் என்று எப்படிச் சொல்லும்?

பிள்ளைகள் எங்களைக் கட்டிப்பிடிக்கும் வட்டத்தில் கொண்டுபோய் நிறுத்தினார்கள். செவிலியர் மெதுவாக எங்களை வணக்க வட்டத்துக்கு நகர்த்தினார். முதலில் சுருக்கென்றது. பிறகு யோசித்தபோது அவர் செய்ததே சரி என்று பட்டது. திருச்சபைக்குள்ளேயே அங்கிகளின் மறைவில் நடந்த கொடுமைகளை உலகம் அறியும். 2019-இல் திருத்தந்தை பிறப்பித்த சட்டம், சிறாரோடு சேர்த்து, தம்மைக் காத்துக்கொள்ள இயலாத வயதுவந்தோரையும் குறிப்பிட்டதற்குக் காரணம் இருக்கிறது.

வளர்ந்த பையன்களைப் பற்றியும் சொல்ல வேண்டும். பலர் முன்னிலையில் உடையை விலக்குவது, உறுப்பைத் தொடுவது என்று சிலர் செய்வதுண்டு. பெற்றோர் வெட்கத்தால் அடிக்கிறார்கள், அல்லது அறையில் பூட்டுகிறார்கள். அடித்தால் பையனுக்குப் பயம் வருமே தவிர, எது பொது இடம், எது தனி இடம் என்ற வேறுபாடு விளங்காது. அதைப் படங்களோடு கற்பிக்க முடியும். அது பாவமில்லையா என்று ஒரு தந்தை கேட்டார். (நான்கு தந்தையர்தான் வந்திருந்தார்கள். மற்ற வீடுகளில் இது இன்னமும் பெண்கள் விஷயம்.) உணர்வு முதிர்ச்சியின்மையும் பழக்கமும் மனக்கலக்கமும் ஒருவருடைய பொறுப்பை வெகுவாகக் குறைக்கும் என்று கத்தோலிக்க மறைக்கல்வி ஏடே இவ்விடத்தில் சொல்வதை அவருக்கு எடுத்துக்காட்டினோம்.

இந்தப் பிள்ளைகளுக்கு ஆபத்து எவ்வளவு? 2007-இல் மத்திய அரசு வெளியிட்ட ஆய்வில், பன்னிரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட குழந்தைகளைக் கேட்டதில் பாதிக்கு மேற்பட்டோர் ஏதோ ஒரு வகையில் பாலியல் தொல்லைக்கு உள்ளானதாகக் கூறினார்கள். இது பொதுவாக எல்லாக் குழந்தைகளையும் பற்றியது. 2012-இல் 'லான்செட்' மருத்துவ இதழில் வந்த, பல நாட்டு ஆய்வுகளைத் தொகுத்த கணக்குப்படி, அறிவுத்திறன் அல்லது மனநலக் குறைபாடுள்ள குழந்தைகளுக்குப் பாலியல் வன்முறை நேரும் வாய்ப்பு மற்றக் குழந்தைகளைவிட 4.6 மடங்கு. நம் சம்மனசுகளின் நிலை இது.

சட்டத்தையும் தெரிந்துகொள்வோம். 2012-ஆம் ஆண்டின் போக்சோ சட்டப்படி, குற்றம் நடந்தது தெரிந்தும் புகார் செய்யாதிருப்பதே தண்டனைக்குரியது. பங்குத்தந்தையருக்கும் கன்னியருக்கும் பள்ளித் தாளாளர்களுக்கும் இது பொருந்தும். மாற்றுத்திறன் கொண்ட குழந்தை வாக்குமூலம் தரும்போது சிறப்புக் கல்வியாளரின் உதவியைப் பெறவும் அச்சட்டம் வழி செய்கிறது. 1098 என்ற எண்ணைப் பெற்றோர் வைத்திருக்க வேண்டும். ஆனால் முப்பது வயது மகளுக்கு மனவயது ஆறுதானே, அவளும் குழந்தைதானே என்று வாதிட முடியாது. போக்சோவில் பிறந்த தேதிப்படியான வயதே கணக்கு என்று 2017-இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அவளுக்கு எதிரான குற்றத்தைப் பொதுத் தண்டனைச் சட்டம் விசாரிக்கும்.

இந்நிறுவனத்தோடு எங்களுக்கு எல்லாவற்றிலும் உடன்பாடு உண்டு என்று சொல்ல மாட்டோம். கருத்தடை பற்றி அவர்கள் பார்வை வேறு, திருச்சபையின் போதனை வேறு. 2006-இல் ஐ.நா. மாற்றுத்திறனாளிகள் உரிமை உடன்படிக்கையை உருவாக்குவதில் பங்கெடுத்த திருப்பீடம், இனப்பெருக்க நலம் என்ற சொற்கள் கருக்கலைப்புக்கு வழிவிடக்கூடும் என்ற அச்சத்தால் கடைசியில் கையெழுத்திடவில்லை. அந்தத் தயக்கம் எங்களுக்கும் இருந்தது. ஆனால் 2009-இல் நடந்த ஒன்றையும் நினைத்துப் பார்த்தோம். சண்டிகரில் அரசு இல்லத்தில் இருந்த அறிவுவளர்ச்சி குன்றிய பெண்ணொருத்தி வன்கொடுமையால் கருவுற்றாள். கருவைக் கலைக்க உயர் நீதிமன்றம் உத்தரவிட்டது. குழந்தையைப் பெற்றுக்கொள்ளவே அவள் விரும்பினாள். அவளுடைய சம்மதம் இல்லாமல் கலைக்கக் கூடாது என்று உச்ச நீதிமன்றம் தடுத்தது. அவளுடைய வாய்ச்சொல்லுக்கு மதிப்பு உண்டு என்று ஏற்றதால்தான் அந்தக் கரு அழிக்கப்படவில்லை. இந்தத் தொண்டர்கள் எங்கள் பிள்ளைகளுக்குக் கற்பித்ததும் அதையே: வேண்டும், வேண்டாம் என்று சொல்வது. எனவே உடலும் சுத்தமும் பாதுகாப்பும் அவர்கள் பாடம், திருமணம் பற்றிய போதனை பெற்றோரும் நாங்களும் தருவது என்று பிரித்துக்கொண்டோம். இதுவரை இடறல் எதுவும் வரவில்லை.

உடலின் உறுப்புகளில் மதிப்புக் குறைந்தவையாக நாம் எண்ணுபவற்றுக்கே அதிக மதிப்புத் தருகிறோம் என்று புனித பவுல் கொரிந்தியருக்கு எழுதியதைத் திருச்சபையின் ஒற்றுமை பற்றிய உவமையாகவே இதுகாறும் பிரசங்கித்து வந்தோம். அவர் உண்மையான உறுப்புகளையும் எண்ணித்தான் எழுதினார் என்பது, குளியலறைச் சுவரில் ஒட்டிய அந்தப் படங்களைப் பார்த்த பிறகுதான் உறைத்தது.

கடந்த திருவிழாவில் தேர்ப் பவனி முடிந்து எல்லாரும் கோயில் முற்றத்தில் நின்றிருந்தோம். பங்கின் மூத்தவர் ஒருவர், தேருக்கு ஆண்டுதோறும் பெருந்தொகை தருபவர், அந்த மகளின் கன்னத்தைக் கிள்ளக் கை நீட்டினார். சின்ன வயதிலிருந்தே அவர் அவளுக்கு அப்படித்தான் செய்வார். அவள் ஓர் அடி பின்வாங்கி, கைகளைக் கூப்பி, கோயிலே கேட்கும்படி "நீங்க வணக்க வட்டம்!" என்றாள். பெரியவருக்கு முகம் சிவந்துவிட்டது. பிள்ளையைக் கெடுத்து வைத்திருக்கிறீர்கள் என்று எங்களிடம் முறையிட்டார். அவரைப் பங்கு இல்லத்துக்கு அழைத்துப்போய், தேநீர் கொடுத்து, தரையில் வட்டங்களை வரைந்து விளக்கி முடிக்க ஒரு மணி நேரம் ஆயிற்று.