ஆறடித் தொட்டியும் ஒகேனக்கல் தண்ணீரும்

"அண்ணா, வாங்குனப்ப விரல் நீளந்தான் இருந்துச்சு. இப்ப ஒரு சாண் தாண்டிடுச்சு. நாலு நாளா எதுவும் தின்ன மாட்டேங்குது. என்ன மருந்து ஊத்தலாம்?"

கேட்டவர் தருமபுரியில் செல்போன் பழுதுபார்க்கும் கடை வைத்திருக்கும் தம்பி. மீன், வெள்ளி அரோவானா. கடையில் வைத்தால் காசு நிற்கும் என்று யாரோ சொல்லக் கேட்டு, கல்லாவுக்குப் பக்கத்தில் மூன்றடித் தொட்டியில் விட்டிருக்கிறார். மருந்து எதுவும் வேண்டாம் என்று சொல்லிவிட்டு, தொட்டிக்கு எந்தத் தண்ணீர் ஊற்றுகிறீர்கள், போர் தண்ணீரா, ஒகேனக்கல் தண்ணீரா என்று கேட்டேன்.

"எது வருதோ அது. தண்ணி தண்ணிதானேண்ணா?"

இதை வேறு ஊர்க்காரர் கேட்டால் விட்டுவிடலாம். தருமபுரிக்காரர் கேட்கலாமா? நம் நிலத்தடி நீரில் ஃபுளோரைடு அதிகம். லிட்டருக்கு ஒன்றரை மில்லிகிராம்தான் உச்ச வரம்பு. அதைத் தாண்டிய கிணறுகள் இங்கே ஏராளம். பல்லில் காவி படிந்த பிள்ளைகளையும் முட்டி மடக்க முடியாத பெரியவர்களையும் பார்த்துப் பார்த்துத்தான் ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டமே வந்தது. 2008-ல் அடிக்கல் நாட்டி, ஜப்பான் நிதியுதவியோடு சுமார் 1,928 கோடி ரூபாய் செலவில், 2013 மே மாதம் தொடங்கி வைத்தார்கள். ஆக, ஒரே வீட்டில் இரண்டு வகைத் தண்ணீர் ஓடும் மாவட்டம் இது. மனிதர்கள் அதற்குப் பழகிவிட்டோம்: குடிக்க ஒன்று, புழங்க ஒன்று. மீனுக்கு அந்தப் பிரிவினை தெரியாது.

இரண்டிலும் என்ன இருக்கிறது என்று பார்ப்போம். ஃபுளோரைடு மிகுந்த நிலத்தடி நீர் பெரும்பாலும் காரத்தன்மை கொண்டது. உப்பும் கூடுதல். சந்தேகம் இருந்தால் தொட்டிக் கண்ணாடியை உற்றுப் பாருங்கள். தண்ணீர் மட்டம் இறங்கிய இடத்தில் வெள்ளையாக ஒரு கோடு படிந்திருக்கும். நகத்தால் சுரண்டினாலும் வராது. வினிகர் தொட்ட துணி வேண்டும். வெயில் காலத்தில் ஆவியாகிப்போவது தண்ணீர் மட்டும்தான், உப்பு தொட்டியிலேயே தங்கிவிடுகிறது. குறைந்த அளவுக்கு மேலே மேலே போர் தண்ணீரை ஊற்றிக்கொண்டே போனால், பழைய தண்ணீரை எடுக்காத தொட்டி மாதத்துக்கு மாதம் உவராகும். ஒகேனக்கல் குழாய்த் தண்ணீரில் அந்தத் தொல்லை குறைவு. ஆனால் அதில் குளோரின் இருக்கிறது. கிருமி கொல்லப் போட்ட குளோரின், மீனின் செவுளை அரிக்கும். வடிகட்டியில் வாழும் நல்ல பாக்டீரியாவையும் கொல்லும். அகலமான டிரம்மில் பிடித்து, காற்று மோட்டார் குழாயைப் போட்டு, ஒரு நாள் விட்டால் குளோரின் போய்விடும். அவசரமென்றால் மீன் கடையில் 'ஆன்டி குளோரின்' என்று விற்கும் சோடியம் தயோசல்பேட் போதும்.

நம் தம்பியின் கடையில் நடந்தது இரண்டையும்விட மோசம். மேல்நிலைத் தொட்டி ஒன்றே ஒன்று. குழாயில் தண்ணீர் வரும் நாளில் அது, வராத நாளில் போர். இரண்டும் கலந்து, எந்த நாளில் என்ன விகிதம் என்று கடவுளுக்குத்தான் வெளிச்சம். அரோவானா அமேசான் ஆற்று மீன். அங்கே தண்ணீர் மென்மையானது, லேசான அமிலத்தன்மை உடையது. ஆனாலும் பண்ணையில் பிறந்த குஞ்சு, கடினமான தண்ணீருக்கு மெல்ல மெல்லப் பழகிக்கொள்ளும். வாரத்துக்கு ஒரு குணம் காட்டும் தண்ணீருக்கு எந்த மீனும் பழகாது.

"அப்ப தண்ணி மாத்தாமயே விட்டுடலாமாண்ணா?"

அங்கேதான் பெரிய மீனின் கணக்கு வருகிறது. கையிலிருந்த டீ ஆறுவதற்குள் சொல்லிவிடக்கூடிய கணக்கு அல்ல. இன்னொரு டீ சொன்னோம்.

அரோவானா போன்ற வேட்டை மீன் தின்பது முழுக்கப் புரதம். அதில் உள்ள நைட்ரஜனில் உடம்பில் சேராத பங்கை மீன் அம்மோனியாவாகத் தள்ளிவிடும். மலத்தில் போவதைவிடச் செவுள் வழியாகக் கரைந்து வெளியேறுவதே அதிகம். அதனால் தொட்டி பார்க்கப் பளிங்குபோல் இருந்தாலும் நஞ்சு இருக்கும். இந்த அம்மோனியாவை ஒருவகை பாக்டீரியா நைட்ரைட்டாக்கும், இன்னொருவகை அதை நைட்ரேட்டாக்கும். முதலிரண்டும் நஞ்சு, மூன்றாவது அளவு மீறினால்தான் கெடுதல். இந்தப் பாக்டீரியாக்கள் வடிகட்டியின் பஞ்சிலும் பீங்கான் துண்டுகளிலும் குடியேறி, போதுமான அளவுக்குப் பெருக நான்கிலிருந்து ஆறு வாரம் ஆகும். தொட்டியையும் மீனையும் ஒரே நாளில், ஒரே ஆட்டோவில் ஏற்றி வருபவர்களின் மீன் பெரும்பாலும் இரண்டாவது வாரத்தில் சாவது இதனால்தான். தெரிந்தவர் தொட்டியில் நன்றாக ஓடிக்கொண்டிருக்கும் பழைய பஞ்சில் ஒரு துண்டு வாங்கி உங்கள் வடிகட்டியில் வைத்துவிடுங்கள். பாலுக்கு உறை ஊற்றுவது மாதிரி, வேலை சீக்கிரம் பிடித்துக்கொள்ளும். பஞ்சைக் கழுவும்போதும் குழாயடிக்குக் கொண்டுபோகக் கூடாது. தொட்டியிலிருந்து எடுத்த தண்ணீரில் இரண்டு முறை அலசினால் போதும்.

இந்த அம்மோனியா, தண்ணீரின் காரத்தன்மைக்கு ஏற்ப இரண்டு வேடம் போடும். பிஹெச் 7-ல், நம் ஊர் வெப்பத்தில், மொத்த அம்மோனியாவில் நூற்றில் ஒரு பங்குகூட நச்சு வடிவில் இருக்காது. மீதி அம்மோனியம் என்ற சாதுவான வடிவில் கிடக்கும். பிஹெச் 8 ஆகட்டும், நச்சுப் பங்கு ஏறக்குறைய பத்து மடங்காகிவிடும். வெயில் ஏறினாலும் கூடும். காரமான தண்ணீரும் சித்திரை வெயிலும் உள்ள ஊரில் வேட்டை மீன் வளர்க்கிறவர், பெங்களூருக்காரர் எழுதி வைத்த அளவைப் பார்த்துத் தீனி போடக் கூடாது.

"தண்ணி மாத்தினேன், மீன் செத்துப்போச்சு" என்ற புலம்பலுக்கும் விடை இதில் இருக்கிறது. மாதக்கணக்கில் தண்ணீர் மாற்றாத தொட்டியில் பாக்டீரியாவின் வேலையால் அமிலம் சேர்ந்துகொண்டே வரும். பிஹெச் இறங்கும். வடிகட்டியும் சோம்பும். அம்மோனியம் நிறையச் சேர்ந்தாலும் மீன் தாக்குப்பிடித்து நீந்திக்கொண்டிருக்கும். ஒரு ஞாயிற்றுக்கிழமை உற்சாகம் பொங்கி, முக்கால் தொட்டியை இறைத்துப் புது போர் தண்ணீர் நிரப்புகிறோம். பிஹெச் சட்டென்று ஏறுகிறது. எஞ்சிய தண்ணீரில் சாதுவாகக் கிடந்த அம்மோனியம், நிமிடங்களில் அம்மோனியா ஆகிறது. மாலைக்குள் மீன் பக்கவாட்டில் சாய்கிறது. பழி புதுத் தண்ணீர்மேல் விழுகிறது. வாராவாரம் கால் பங்கு, அதிகம் போனால் மூன்றில் ஒரு பங்கு, அதே மூலத்துத் தண்ணீர் என்று வைத்துக்கொண்டவருக்கு இந்த விபத்து நேராது.

தம்பிக்குச் சொன்ன வைத்தியமும் அதுதான். அம்மோனியா அளவு பார்க்கும் சோதனைப் பெட்டி ஒன்று வாங்குங்கள். ஒரு வாரம் தீனி வேண்டாம். ஒரு சாண் அரோவானா அதைத் தாங்கும். தினமும் சிறிது சிறிதாகத் தண்ணீர் மாற்றுங்கள். அரோவானாவுக்குப் பல மீன் மருந்துகள் ஒத்துக்கொள்ளாது. நோய் இன்னதென்று தெரியாமல் நீலத்தையும் பச்சையையும் ஊற்றினால் நோயைவிட மருந்து முந்திக்கொள்ளும்.

இனி இடம். வெள்ளி அரோவானா இயற்கையில் 90 சென்டிமீட்டர்வரை போகும். தொட்டியில் நன்றாக வளர்ந்தால் இரண்டடி தாண்டும். அது திரும்ப அகலம் வேண்டும். நீளம் எட்டடி இருந்தாலும் அகலம் ஒன்றரை அடி என்றால் முதுகெலும்பு வளையும். குறைந்தபட்சம் ஆறடி நீளம், இரண்டரை அடி அகலம், இரண்டடி உயரம். கணக்குப் போடுங்கள்: 30 கன அடி, சுமார் 850 லிட்டர். தண்ணீரே 850 கிலோ. 12 மில்லிமீட்டர் கண்ணாடியும் இரும்புத் தாங்கியும் சேர்ந்தால் ஒரு டன்னைத் தொடும். மாடி வீட்டில் வைப்பதற்கு முன் கட்டிய மேஸ்திரியிடம் அல்ல, பொறியாளரிடம் கேளுங்கள். மூன்றடித் தொட்டிக்கு ஆஸ்கர் மீனே பெரிது. அது ஒரு அடிக்கு மேல் வளரும். ரெட்டெயில் கெளுத்தி ஒரு மீட்டர் தாண்டும். அலிகேட்டர் கார் இரண்டு மீட்டரும் தாண்டும். இவற்றைக் கட்டைவிரல் அளவில் பிளாஸ்டிக் பையில் கட்டிக் கொடுக்கும் வியாபாரம் எனக்குச் சற்றும் பிடிக்கவில்லை. ஆசிய அரோவானாவுக்கு வேறு சிக்கல்: அது சர்வதேச வணிகத் தடைப் பட்டியலில் உள்ளது, வனவிலங்குச் சட்டத்தின் 2022 திருத்தத்துக்குப் பிறகு பதிவு செய்தே வைத்திருக்க வேண்டும்.

மூடியை மறந்துவிடாதீர்கள். அமேசானில் மரக்கிளையில் இருக்கும் பூச்சியைத் தாவிப் பிடிக்கிற மீன் அரோவானா. ஒயர் நுழைய விட்ட நான்கு விரல் இடைவெளியை நாம் மறந்திருப்போம். ராத்திரி விளக்கை அணைத்ததும் அது கண்டுபிடித்துவிடும்.

தீனி விஷயத்தில் நம் ஊருக்கு ஒரு வசதி உண்டு. தருமபுரி அரசு பட்டுக்கூடு அங்காடி தமிழ்நாடெங்கும் பேர்போனது. கூட்டை வேகவைத்து நூல் எடுத்தபின் மிஞ்சுகிற கூட்டுப்புழு, காய்ந்த எடையில் பாதிக்கு மேல் புரதம். மீன் ஆவலாகத் தின்னும். ஆனால் கால் பங்கை ஒட்டிக் கொழுப்பும் இருப்பதால் சீக்கிரம் சிக்கடித்துப்போகும்; வாரத்தில் ஒரு நாள் போதும், அதுவும் புதிதாக இருந்தால். மற்ற நாளில் மிதக்கும் குருணைத் தீனி, ஓட்டோடு இறால், மண்புழு. உயிருள்ள தங்கமீனைப் போட்டு வேடிக்கை பார்ப்பது பலருக்குப் பிடிக்கிறது. அதில் ஒட்டுண்ணி வரும். போதாக்குறைக்குத் தங்கமீன் உடம்பில் வைட்டமின் பி1-ஐச் சிதைக்கும் நொதி உண்டு. கோழி ஈரலும் வேண்டாம். வளர்ந்த மீனுக்கு இரண்டு நாளுக்கு ஒருமுறை தீனி போதும். பட்டினியால் செத்த வேட்டை மீன்கள் குறைவு.

மின்வெட்டைப் பற்றியும் ஒரு வார்த்தை. மூடிய வடிகட்டி பல மணி நேரம் நின்றுவிட்டால் உள்ளே பாக்டீரியா மூச்சுமுட்டிச் சாகும், தண்ணீர் நாறும். கரன்ட் வந்ததும் அப்படியே ஓடவிட்டால் அந்த நாற்றம் முழுக்கத் தொட்டிக்குள் இறங்கும். உள்ளே தேங்கியதைக் கொட்டிவிட்டு ஓட்டுங்கள். பேட்டரி காற்று மோட்டார் ஒன்று வீட்டில் இருக்கட்டும்.

"அப்ப வாரத்துக்கு எவ்ளோ தண்ணிண்ணா ஆகும்?"

ஆறடித் தொட்டியில் மூன்றில் ஒரு பங்கு என்றால் 280 லிட்டர். ஒகேனக்கலிலிருந்து மேடேற்றி வரும் குடிநீரை அந்த அளவுக்கு ஒரு மீனுக்குக் கொடுக்க எனக்கு மனம் வராது. பக்கத்துத் தெருவில் குடத்தோடு நிற்பவர்கள் இருக்கும்வரை. ஆகவே போர் தண்ணீர்தான் ஊற்ற வேண்டும். போர் தண்ணீர் என்று முடிவானால், அதை இயல்பாகத் தாங்கும் மீனைத்தானே முதலில் யோசிக்க வேண்டும்?

எனக்கு விரால்மேல்தான் ஆசை. நம் ஏரி மீன், அசல் வேட்டைக்காரன். ஒரு மீட்டர்வரை வளரக்கூடியது. நம் கையில் வருவது பெரும்பாலும் இரண்டடிக்குள். தலைக்குள் தனி மூச்சறை வைத்திருப்பதால் மேலே வந்து காற்றைக் குடிக்கும். காற்றோட்டம் நின்றாலும் பிழைக்கும். அதையே திருப்பிப் பார்த்தால், தொட்டியை விளிம்புவரை நிரப்பி இறுக மூடினால் விரால் தண்ணீரிலேயே மூழ்கிச் சாகும். நான்கு விரல்கட்டை காற்று இடம் விட வேண்டும். குஞ்சு பொரித்தால், செம்பட்டை நிறத்தில் பந்தாகச் சுழலும் குஞ்சுக் கூட்டத்தின் அடியில் தாயும் தகப்பனும் காவல் நிற்பதைப் பார்க்கக் கண் கோடி வேண்டும். ஏரியில் பிடித்ததை நேரே விடாமல், இரண்டு மூன்று வாரம் தனித் தொட்டியில் வைத்துப் பாருங்கள். 1988-ல் இந்தியாவுக்குள் வந்து விராலை வாரிக்கொண்டுபோன செம்புண் நோய் இன்னும் போய்விடவில்லை.

அரோவானா வேண்டாம் என்று முடிவெடுத்தால் கடையில் திருப்பிக் கொடுங்கள், பெரிய தொட்டி வைத்திருப்பவரிடம் கொடுங்கள். நாகாவதி அணையிலோ தொப்பையாறிலோ விடாதீர்கள். 2018 வெள்ளத்துக்குப் பிறகு கேரள ஆறுகளில் அரபைமாவும் அலிகேட்டர் காரும் வலையில் சிக்கின. 2023-ல் அலிகேட்டர் கார் காஷ்மீரின் தால் ஏரிவரை போய்விட்டது. காவிரியில் மட்டுமே பிறந்து வளர்ந்த திமில் மஹ்சீர், 2018 முதல் மிக அருகிவிட்ட இனம் என்று பட்டியலில் இருக்கிறது. தடை செய்த ஆப்பிரிக்கக் கெளுத்தி தரும் தொல்லையே அந்த ஆற்றுக்குப் போதும்.

தம்பி செல்போனில் கணக்குப் போட்டுக்கொண்டிருந்தார். கடையின் அகலம் ஏழடியாம்.