கையைத் தூக்க விடாத சட்டை

பதினாறாம் நூற்றாண்டு ஐரோப்பாவின் நடனம், வாள்வீச்சு, தையல் மூன்றையும் பொழுதுபோக்காகப் பழகும் ஒரு சின்னக் குழுவில் இருக்கிறேன். ஸ்டாக்ஹோமில், வாரம் ஒரு மாலை, வாடகைக்கு எடுத்த ஒரு கூடத்தில். முதலில் நடனம், பிறகு வாள். தையல் அவரவர் வீட்டில்.

மூன்றும் தனித்தனி வகுப்புகள் என்றுதான் முதல் வருஷம் நினைச்சேன். அது தப்பு என்று புரிய ஒரு சட்டை கிழிய வேண்டியிருந்தது.

நடனத்துக்கு எங்கள் முக்கியப் பாடநூல் 1589இல் பிரான்சில் லாங்ர் நகரில் அச்சான 'ஓர்க்கெசொகிராஃபி'. துவானோ ஆர்போ என்ற பெயரில் எழுதியவர் ழான் தபூரோ, ஒரு கத்தோலிக்கக் குருவானவர். தன் பெயரின் எழுத்துகளையே கலைத்துப்போட்டுப் புனைபெயர் செய்துகொண்டவர். புத்தகம் முழுக்க உரையாடல். சட்டம் படித்துவிட்டு வந்த கப்ரியோல் என்ற இளைஞன், வாளும் டென்னிஸும் பழகியாச்சு, ஆனா ஆடத் தெரியாததால் பெண்கள் நடுவில் நிற்கக் கூச்சமா இருக்கு என்று பழைய ஆசிரியரிடம் வருகிறான். அவர் ஒவ்வொரு இசைக்குறிக்கும் நேராக இன்ன கால், இன்ன அடி என்று எழுதிக் காட்டுகிறார். நானூறு வருஷம் கழித்தும் நாங்கள் ஆட முடிவது அதனால்தான்.

பவான் சுலபம், கிட்டத்தட்ட ஊர்வல நடை. கலியார்டுதான் மூச்சு வாங்க வைப்பது. ஆறு எண்ணிக்கை. முதல் நான்கில் கால்களை மாற்றி மாற்றி முன்னால் வீச வேண்டும். ஐந்தாவதில் ஒரு குதி. ஆறாவதில் ஒரு காலை முன்வைத்து அசையாமல் நிற்க வேண்டும். அந்த நிற்பதுதான் கஷ்டம். அதே புத்தகத்தில் நான்கு பேர் வாளும் கேடயமுமாக ஆடும் ஒரு நடனமும் உண்டு. காலில் மணி, தலையில் தங்கக் காகிதத் தொப்பி, எந்தத் தாளத்தில் எந்த வெட்டு என்பது உட்பட எல்லாம் எழுதியிருக்கிறது. நடனமும் வாளும் அவர்களுக்கு அவ்வளவு தூரத்தில் இல்லை.

வாள்வீச்சுக்கு நாங்கள் எடுத்துக்கொண்டது இத்தாலியரான ரிதோல்ஃபோ காப்போ ஃபெர்ரோ 1610இல் வெளியிட்ட நூல். ரேப்பியர் என்கிற நீண்ட குத்துவாள். எங்கள் வாள்களுக்குக் கூர் கிடையாது, முனையில் ரப்பர் மூடி. முகமூடியும் கழுத்துக் காப்பும் கட்டாயம். அடிப்படை அசைவு பாய்ச்சல்: முதலில் கை தோள் உயரத்தில் நீள வேண்டும், பிறகுதான் முன்கால் போக வேண்டும். கைக்கு முன் கால் போனால் எதிராளியின் வாளில் நாமே போய்க் குத்திக்கொள்வோம்.

எனக்கு எப்பவும் கால்தான் முந்தும். "கை முதலில், கை முதலில்" என்று பயிற்றுநர் சொல்லிச் சொல்லி அலுத்துவிட்டார். நாற்பது வயசுக்கு மேல ஆரம்பிச்சா இப்படித்தான், இந்த உடம்புக்கு இது வராது என்று எனக்கு நானே தீர்ப்பு எழுதிக்கொண்டேன். அந்தக் குளிர்காலம் ரெண்டு மாசம் வாள் வகுப்புக்கு நிற்காமல் நடனத்தோடு கிளம்பிவிடுவேன்.

திரும்பி வந்த ஒரு மாலை, நானே தைத்த டப்லெட்டில் பாய்ந்தேன். டப்லெட் என்பது உடம்பை ஒட்டிய, உள்ளே கேன்வாஸ் வைத்துத் தைத்த மேல்சட்டை. வலது அக்குளில் தையல் டர்ரென்று கிழிந்தது. ஆட்டத்தை நிறுத்தினார்கள். ஓரமாகப் போய், வாள் இல்லாமல், சும்மா அதே அசைவைச் செய்து பார்த்தேன். கை நேராகப் போனது!

விஷயம் இதுதான். இன்றைய சட்டையின் அளவை வைத்துக் கை சேரும் வளைவைத் தாழ்த்தி, அகலமாக வெட்டியிருந்தேன். அகலமா இருந்தா வசதிதானே என்று தோன்றும். நேர்மாறு. வளைவு தாழ்ந்திருந்தால் கையைத் தூக்கும்போது விலாப் பக்கத் துணியும் சேர்ந்து மேலே வரும். வளைவு அக்குளை ஒட்டி உயரமாகவும் சின்னதாகவும் இருந்தால் கை மட்டும் தூக்கும், சட்டை இருந்த இடத்திலேயே இருக்கும். ரவிக்கை தைக்கிற நம்ம ஊர் அக்காக்களுக்கு இது பாலபாடம். நான் பத்து வயசிலிருந்து அளவு கொடுத்தும் கவனித்ததில்லை.

அதற்கப்புறம் ஊப்சாலா தேவாலயத்துக்குப் போனேன். 1567இல் ஐந்நூறு பக்கச் சரித்திரக் கதைக்குக் காணும் ஒரு கொடுமை நடந்தது: மன்னர் பதினான்காம் எரிக், ஸ்வாந்தே ஸ்தூரே என்ற பிரபுவையும் அவருடைய மகன்கள் நில்ஸ், எரிக் இருவரையும் கொன்றார். அன்று அவர்கள் உடுத்தியிருந்த உடைகளை அந்தக் குடும்பத்தார் பத்திரப்படுத்தினார்கள். இப்போது அவை கண்ணாடிக்குப் பின்னால் இருக்கின்றன. தையலுக்காகப் போனவள், துணியில் கத்தி போன இடத்தைத் தேடிக்கொண்டு நின்றேன். நான் தைப்பது வேடமாக இருக்கலாம், அது ஒருத்தர் காலையில் எழுந்து போட்டுக்கொண்ட உடுப்பு.

இப்படி எஞ்சிய உடைகளை ஆராய்ந்து ஜேனட் ஆர்னால்ட் வரைந்த வெட்டுப் படங்கள் 1985இல் புத்தகமாக வந்தன. காலம் 1560 முதல் 1620 வரை. எட்டில் ஒரு பங்கு அளவுப் படங்கள். அதைப் பார்த்துத்தான் இரண்டாவது டப்லெட்டை வெட்டினேன். கை சரியானது. அடுத்து இடுப்பு தகராறு செய்தது.

அந்தக் காலத்துக் கால்சட்டைக்கு பெல்ட் கிடையாது. டப்லெட்டின் இடுப்பு ஓரத்தில் சுற்றிலும் துளைகள், அவற்றில் நாடா கோத்துக் கால்சட்டையை முடிந்துகொள்வார்கள். மேலும் கீழும் ஒரே உடுப்பு மாதிரி. பாய்ச்சலில் பின்பக்கம் இழுபட்டால் இழுப்பு தோள்வரை ஏறும். முன்பக்கம் கேன்வாஸின் விறைப்பில் இடுப்பு மடியவும் மடியாது. முழங்காலை மடக்கி, முதுகை நேராக வைத்துத்தான் குனிய முடியும். நடன ஆரம்பத்து வணக்கம் ஏன் அப்படி இருக்கிறது என்பது எனக்கு அதைப் போட்டுக்கொண்டபோதுதான் விளங்கியது. கலியார்டின் ஆறாவது எண்ணிக்கையில் ஆடாமல் நிற்பதும் அந்த உடுப்பில் பாதி தானாக வருகிறது.

இடுப்புக்கு வழி, பின்பக்கத் துணியைக் கிராஸாக வெட்டி இழுபட இடம் கொடுப்பது. அல்லது பின்முடிச்சுகளை அவிழ்த்துவிடுவது. நான் ரெண்டும் செய்கிறேன். ஆனா பவானுக்கு முடிச்சு போட்டிருக்கணும், இல்லன்னா உள்சட்டை பிதுங்கித் தெரியும். வாளுக்கு அவிழ்க்கணும். முதுகுப்பக்க முடிச்சைத் தானே போட்டுக்கொள்ளவும் முடியாது. அதனால் இடைவேளையில் எங்கள் கூடத்துக்கு யாராவது வந்தால், பெரியவர்கள் ஏழெட்டுப் பேர் ரயில்பெட்டி மாதிரி வரிசையாக நின்று, முன்னால் நிற்பவரின் இடுப்பில் முடிச்சு அவிழ்த்துக்கொண்டிருப்பதைப் பார்க்கலாம்.