தொட்டிக்குள் ஓர் ஏரி

வீட்டுக் கூடத்தின் ஒரு மூலையில் கண்ணாடித் தொட்டி ஒன்று இருக்கிறது. அதனுள் நீலமும் மஞ்சளுமாக ஒளிரும் மீன்கள் கல்லிடுக்குகளில் புகுந்தும் வெளிவந்தும் விளையாடுகின்றன. நீரோ பளிங்கு போலத் தெளிந்திருக்கிறது. ஆயினும், தெளிந்த நீரெல்லாம் மீனுக்கு நல்ல நீராகிவிடாது. கண்ணுக்குப் புலப்படாத பண்பு ஒன்று நீருக்கு உண்டு. மீன்களின் நல்வாழ்வு அதனைப் பெரிதும் பொறுத்தது. நீரின் அமில, கார நிலையே அப்பண்பு.

எலுமிச்சைச் சாறு அமிலத்தன்மை உடையது; சுண்ணாம்பு நீர் காரத்தன்மை உடையது. இவ்வேறுபாட்டை லிட்மசுத் தாள் காட்டிவிடும். ஆனால் அமிலமோ காரமோ எவ்வளவு என்பதை அது துல்லியமாகக் காட்டாது. டென்மார்க்கு நாட்டின் தலைநகரான கோபன்ஹேகனில், கார்ல்ஸ்பெர்க்கு ஆய்வுக்கூடத்தில் பணியாற்றிய சோரன்சன் என்னும் அறிஞர், 1909-ஆம் ஆண்டில் அதற்கென ஓர் அளவுகோலை வகுத்தார். நீரிலுள்ள ஹைட்ரஜன் அயனிகளின் செறிவை உணர்த்தும் அவ்வளவு ‘பிஎச்’ எனப்படும். அது பொதுவாக 0 முதல் 14 வரை குறிக்கப்படுகிறது. 7 என்பது நடுநிலை, அதற்குக் கீழ் அமிலம், மேல் காரம். இவ்வளவுகோலில் ஒரு படி இறங்கினால் அமிலத்தன்மை பத்து மடங்கு பெருகும். எனவே, பிஎச் 8-இலிருந்து 6-க்கு இறங்கிய நீர் முன்னிலும் நூறு மடங்கு அமிலத்தன்மை பெற்றுவிட்டது என்பது பொருள்.

அழகுக்காக வளர்க்கப்படும் மீன்களுள் சிக்லிட் குடும்பத்தைச் சேர்ந்தவை பல. 1952-ஆம் ஆண்டில் இந்தியாவிற்குக் கொண்டுவரப்பட்டு, இன்று தமிழகத்துக் குளங்களில் மலிந்து கிடக்கும் ஜிலேபிக் கெண்டையும் இக்குடும்பத்ததே. இக்குடும்பத்து மீன்கள் எல்லாம் ஒரே வகை நீரில் பிறந்தவை அல்ல. ஆப்பிரிக்காவில் 1,470 மீட்டர் ஆழமுடைய டாங்கனீக்கா ஏரியின் நீர் உப்புகள் நிறைந்தது. அதன் பிஎச் ஏறத்தாழ 9. தென் அமெரிக்காவின் ரியோ நீக்ரோ ஆறோ, காட்டு இலைகளின் சாறு ஊறித் தேநீர் போன்ற நிறங்கொண்டது. அதன் பிஎச் 5-க்கும் கீழே செல்வதுண்டு. வட்டு வடிவம் கொண்ட டிஸ்கஸ் மீன் அவ்வாற்றில் வாழ்கிறது. ஒரு குடும்பத்து மீன்களேயாயினும், இவ்விரு நீர்களுக்கும் இடையே பதினாயிரம் மடங்கு வேறுபாடு உண்டு! தலைமுறை தலைமுறையாகத் தொட்டியிலேயே வளர்ந்த மீன்கள் நடுநிலையை ஒட்டிய நீருக்குப் பழகியிருத்தல் கூடும். எனினும், ஏரி மீனையும் ஆற்று மீனையும் ஒரே தொட்டியில் வளர்க்க முயல்வது அறிவுடைமை ஆகாது.

ஏரி பரந்தது, அதன் நீரின் தன்மை எளிதில் மாறுவதில்லை. நூறு லிட்டர் நீர் கொள்ளும் தொட்டியின் நிலை அத்தகையதன்று. மீன்களின் கழிவிலிருந்தும் எஞ்சிய இரையிலிருந்தும் அம்மோனியா உண்டாகிறது. நீரில் வாழும் பாக்டீரியாக்கள் அதனை முதலில் நைட்ரைட்டாகவும், பின்னர் நைட்ரேட்டாகவும் மாற்றுகின்றன. இம்மாற்றத்தின்போது அமிலமும் தோன்றுகிறது. நீரில் கரைந்துள்ள பைகார்பனேட்டு உப்புகள் அவ்வமிலத்தை ஏற்று, பிஎச் குறையாமல் காக்கின்றன. இதனை நீரின் தாங்குதிறன் எனலாம். சேமித்த பொருளைக் கொண்டு நாளும் செலவு செய்யும் குடும்பத்தைப் போன்றது இது. சேமிப்பு உள்ளவரை வறுமை தோன்றுவதில்லை. அது தீர்ந்த அன்றே துன்பம் தொடங்குகிறது. உப்புகள் தீர்ந்தவுடன் பிஎச்சும் விரைந்து வீழ்கிறது.

இந்நிலையில் நேரும் பிழை ஒன்று மீன்களுக்கு எமனாகிறது. ஒருவர் பல மாதங்களாகத் தொட்டி நீரை மாற்றவில்லை எனக் கொள்வோம். பிஎச் 6-க்கு இறங்கிவிடுகிறது. அமில நீரில் பாக்டீரியாக்களின் வேலை தளர்வதால் அம்மோனியா பெருகுகிறது. ஆயினும், அமில நீரில் அதன் பெரும்பகுதி அம்மோனியம் என்னும் தீங்கு குறைந்த வடிவில் இருப்பதால் மீன்கள் ஒருவாறு பிழைத்திருக்கின்றன. ஒருநாள் அவர் அன்பு மிகுதியால் பழைய நீரின் பெரும்பகுதியை வெளியேற்றிவிட்டு, காரத்தன்மையுள்ள கிணற்றுநீரை நிரப்புகிறார். பிஎச் 8-க்கு ஏறுகிறது. 25 பாகை செல்சியசு வெப்பத்தில், பிஎச் 6 ஆக இருக்கும்போது பதினாயிரத்தில் ஆறு பங்கே நச்சு அம்மோனியாவாக இருந்தது. பிஎச் 8 ஆனதும் அது ஐந்நூறு பங்கிற்கும் மேலாகிறது. வெளியேற்றியது போக எஞ்சிய அம்மோனியாவே மீன்களைக் கொல்லப் போதுமானதாகிவிடுகிறது. புதுநீரே தம் மீன்களைக் கொன்றது என்று அவர் வருந்துகிறார். உண்மையில், கொன்றது பல மாதச் சோர்வும் ஒருநாள் அவசரமுமே.

வேறு சிலர், கடின நீரில் அமிலத் துளிகளை விட்டு பிஎச்சைக் குறைக்க முயல்வர். நீரின் தாங்குதிறன் அவ்வமிலத்தை விரைவில் செயலிழக்கச் செய்துவிடும். குறைந்த பிஎச் மீண்டும் ஏறும். அவர்கள் மறுபடியும் அமிலம் சேர்ப்பர். இவ்வாறு நீர் ஏறியும் இறங்கியும் மாறுவதால் மீன்கள் நலிவடைகின்றன.

நன்முறை எளியது. முதலில், தொட்டியில் ஊற்றவிருக்கும் நீரை ஓர் இரவு திறந்து வைத்து, மிகுதியான கரியமில வாயு வெளியேறியபின் சோதித்தல் வேண்டும். புரோமோதைமால் நீலம் என்னும் சாயத்தைச் சில துளிகள் சேர்த்தால், அமில நீர் மஞ்சளாகவும், நடுநிலை நீர் பச்சையாகவும், கார நீர் நீலமாகவும் தோன்றும். தொட்டியில் செடிகள் இருப்பின், இரவில் கரியமில வாயு மிகுவதால் விடியற்காலையில் பிஎச் குறைந்தும், பகலில் ஏறியும் இருக்கும். ஆதலின், நாள்தோறும் ஒரே நேரத்தில் சோதிப்பதே முறை. ஆப்பிரிக்க ஏரி மீன்களுக்குச் சுண்ணாம்புக் கல்லும் பவளத்துண்டுகளும் இட்டால், அவை மெல்லக் கரைந்து தாங்குதிறனை வளர்க்கும். தென் அமெரிக்க மீன்களுக்குத் தூய மழைநீரைக் கலந்து நீரை மென்மையாக்கலாம். நாட்டு வாதுமையின் உலர்ந்த இலைகளை இடுவதும் உண்டு. வாரந்தோறும் ஐந்தில் ஒரு பங்கு நீரை மாற்றினால் கழிவும் சேராது, உப்புகளும் தீராது. நெடுநாள் கவனிக்கப்படாத தொட்டியையும் சிறிது சிறிதாகவே திருத்துதல் வேண்டும்.

எல்லாவற்றினும் சிறந்த வழி, வீட்டில் கிடைக்கும் நீருக்கு ஏற்ற மீனைத் தேர்ந்து வளர்ப்பதே. ஏரி மீனுக்குத் தந்த நிலையான வாழ்வைத் தொட்டி தானே தராது. அதனை வளர்ப்பவரின் கையே தருதல் வேண்டும். ஒருநாள் காட்டும் பேரன்பைக் காட்டிலும் நாள்தோறும் காட்டும் சிறு கவனமே உயிர்களைக் காக்கும்.