பொதிகைத் தெய்வம் ஜப்பானியப் பலகையில்

போடிநாயக்கனூரிலிருந்து வளைந்து வளைந்து ஏறிப் போடிமெட்டை அடைந்தால், ஏல மணத்தோடு குளிர்காற்று நம்மை வரவேற்கிறது. ஊர்ப் பெயரில் ‘போதி’ ஒலிப்பதாக யாரேனும் எண்ணினால் அது காது மயக்கமே. ஆயினும் இதே மலைத்தொடர்தான் தெற்கே நீண்டு பொதிகையாக உயர்கிறது. பொதிகைக்கும் பௌத்தத்துக்கும் உள்ள உறவு வெறும் ஒலி உறவன்று.

7-ஆம் நூற்றாண்டில் பாரத நாட்டுக்கு வந்த சீன யாத்திரிகர் யுவான் சுவாங், தென்கோடியில் மலயமலைக்குக் கிழக்கே போதலக மலையில் அவலோகிதேசுவரர் வாசம் செய்வதாக எழுதி வைத்தார். அது பொதிகையே என்று வாதித்தவர், தமிழகத்துப் பௌத்தத்தை ஆராய்ந்த ஷூ ஹிகோசாகா என்னும் ஜப்பானிய அறிஞர். நம்மவரான புத்தமித்திரரும் 11-ஆம் நூற்றாண்டில் இயற்றிய வீரசோழியத்தில், அகத்தியர் தமிழ் கேட்டதே அவலோகிதரிடந்தான் என்கிறார்! சிவபெருமான் தமிழ் தந்த கதையை அறிந்த நம் குழந்தைகளில் எத்தனை பேர் இதைக் கேட்டிருப்பார்கள்?

அந்த அவலோகிதரே ஜப்பானியரின் ‘கன்னோன்’. போதலகம் அவர்கள் நாவில் ‘புதராகு’ ஆயிற்று. அத்தெய்வத்தை நம் காலத்து மரப்பலகையில் எழுந்தருளச் செய்தவர் முனகாதா ஷிகோ. 1903-ல் ஆவோமோரியில் ஒரு கொல்லருக்கு மகனாகப் பிறந்தவர். கடுமையான கிட்டப்பார்வை, மூக்குப் பலகையில் உராயும்படி குனிந்து, வெறி பிடித்தவர்போல் உளியை ஓட்டுவார். பலகைக்குள் இருப்பது தானே வெளிவர வேண்டும் என்பது அவர் கொள்கை. 1938-ல் கன்னோன் சூத்திரத்தைப் படத்தொகுதியாக்கினார். மறு ஆண்டு, புத்தரின் பத்துச் சீடர்களையும், மஞ்சுஸ்ரீ, சமந்தபத்திரர் என்ற இரு போதிசத்துவர்களையும் சுமார் மூன்றடி உயரத்தில் செதுக்கினார். தலையும் பாதமும் விளிம்பை முட்ட, கருமையும் வெண்மையுமாக நிற்கும் உருவங்கள் அவை. நளினம் தேடுவோருக்கு முதற்பார்வையில் முரடாகத் தோன்றும்; நமக்கோ கிராம தேவதைகளின் கம்பீரம் நினைவுக்கு வருகிறது.

1945-ல் விமானக் குண்டுக்கு அவருடைய டோக்கியோ வீடு எரிந்தது. சாமான்களைக் கட்டி அனுப்பியபோது சிப்பப் பலகைகளாகச் சென்றதால் சீடர்கள் தப்பினார்கள். போதிசத்துவர் இருவரும் சாம்பலாயினர். முனகாதா 1948-ல் அவ்விருவரையும் மீண்டும் செதுக்கினார். 1955-ல் சாவோ பாலோவிலும் 1956-ல் வெனிஸிலும் உலகப் பரிசுகள் அவரைத் தேடி வந்தன.

இங்கோ, நாகப்பட்டினத்தில் எஞ்சி நின்ற பௌத்த கோபுரத்தை 1867-ல் இடித்தே விட்டார்கள். அவ்வூர் மண்ணில் கிடைத்த வெண்கலப் படிமங்கள் பல சென்னை எழும்பூர்க் காட்சிசாலையில் இருக்கின்றன. அவற்றுள் அவலோகிதரும் உண்டு. சென்னை செல்லும் அன்பர்கள் குழந்தைகளோடு அவர் முன் சற்று நின்று வரலாம்.